அந்த மஞ்சள் ஃபில்டரில் வந்ததல்ல

'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) என்ற ஹாலிவுட் படத்தின் மஞ்சள் நிறம் கேமரா ஃபில்டரில் வந்தது என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து திருத்துங்கள்.

கதை நடப்பது 1937-இல், மிசிசிப்பியில். ஊர் காய்ந்து, புழுதி படிந்து தெரிய வேண்டும். படமெடுத்ததோ மரமெல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கும் கோடையில். மஞ்சள் ஃபில்டர் போட்டால் முகம், வானம், சட்டை எல்லாமே சேர்ந்து மஞ்சளடிக்கும். லேபில் கெமிக்கல் முறைகளைச் சோதித்தார்கள். அதிலும் பச்சையை மட்டும் தனியே பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீகின்ஸ் படம் முழுவதையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பச்சையை மட்டும் தேர்ந்து வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஃபிலிமில் பதிந்தார். வாரக்கணக்கில் பிடித்த வேலை. இன்று எல்லாப் படத்துக்கும் கம்ப்யூட்டரில் நிறம் திருத்துகிறார்களே, அந்த டி.ஐ.க்கு (டிஜிட்டல் இன்டர்மீடியேட்) இது பெரிய முன்னோடி.

தண்டவாளத்தில் தள்ளுவண்டியோடு வரும் பார்வையற்ற கிழவர் காட்சியைப் பாருங்கள். இலைதழை வெளுத்திருக்கும், முகங்களின் நிறம் கெட்டிருக்காது. படம் ஹோமரின் 'ஒடிசி' என்ற கிரேக்கக் காவியத்தைத் தழுவியது. அதில் வரும் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ்தான் இந்தக் கிழவர். படத்தின் ஒற்றைக்கண் பைபிள் விற்பனையாளர், காவியத்தின் ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸ். நாயகனின் மனைவி பென்னியின் பெயர், காவிய நாயகனின் மனைவி பெனலோப்பியிலிருந்து வந்தது. கட்டுரையில் அதையும் சேர்த்திருக்கலாம்.