குதிரைசக்தி ஸ்டிக்கரைப் பார்த்து டிராக்டர் வாங்கச் சொன்னவர்களுக்கு

சனிக்கிழமை டிராக்டர் இழுவைப் போட்டியில் நம் தம்பி ஒருவனின் வண்டி உடைந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை நம் ஒஹையோ குழுவில் ஆளாளுக்குப் பகிர்ந்து, கீழே சிரிப்புப் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சிரித்தவர்கள் ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். இழுவைப் போட்டிக்கு எந்தக் கார்டன் டிராக்டர் வாங்கலாம் என்று அந்தத் தம்பி குளிர்காலத்தில் இதே குழுவில் கேட்டபோது, "எச்பி அதிகமா இருக்கிறதை வாங்கிடு தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது யார்? அவன் உங்கள் பேச்சைக் கேட்டான். 24 எச்பி, இரட்டை சிலிண்டர், புத்தம் புதுசு. ஸ்லெட்டை, அதாவது இழுக்கவேண்டிய பாரவண்டியை, மாட்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, டிரான்ஸ்ஆக்சில் (கியர்பாக்ஸும் பின்சக்கர அச்சும் சேர்ந்த பகுதி) உறை பிளந்து ஆயில் களத்தில் கொட்டியது. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நிற்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

அன்றைக்கே எழுதினேன்: முதலில் பின்னச்சைப் பார், கியர்பாக்ஸைப் பார், இன்ஜினைப் பற்றி அதற்கப்புறம் யோசி. "அண்ணன் பழைய இரும்புக் கடை வெச்சிருக்கார் போல" என்று பதில் வந்தது. சரி, இருக்கட்டும்.

புல்வெட்டுகிற டிராக்டர் வேறு, மண்ணை உழவும் பாரம் இழுக்கவும் செய்த கார்டன் டிராக்டர் வேறு. பெரிய கடைகளில் வரிசையாக நிறுத்தியிருக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை புல்வெட்டவும் சின்ன டிரெய்லரை இழுக்கவும் செய்தவை. அலுமினிய உறைக்குள் சின்ன ஹைட்ரோஸ்டாட்டிக் (ஆயில் அழுத்தத்தில் ஓடும் கியர்பாக்ஸ்), முக்கால் அங்குல அச்சு, செங்குத்தாக நிற்கும் இன்ஜினிலிருந்து அடியில் ஓடும் பெல்ட். புல்வெட்டுவதற்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்லெட் அப்படியில்லை. வண்டி நகர நகர ஸ்லெட்டின் எடைப்பெட்டி முன்னால் ஏறி வரும், பாரம் அதன் சக்கரத்திலிருந்து முன்பக்கத் தகட்டுக்கு மாறும், தகடு மண்ணில் அழுந்தும். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிடக் கனம். அந்தப் பாரம் முழுக்கப் பின்னச்சில்தான் வந்து விழுகிறது. பானெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் அதைத் தாங்காது.

அதனால்தான் கப் கேடட், கப் கேடட் என்று அடித்துக்கொள்கிறேன். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-ல் அந்தக் கார்டன் டிராக்டரைக் கொண்டுவந்தபோது, தன்னுடைய ஃபார்மால் கப் விவசாய டிராக்டரின் கியர்பாக்ஸ் வழியிலேயே செய்தது. 1963-ல் வந்த 70, 100 மாடல்களிலிருந்து பெல்ட்டும் இல்லை. இன்ஜினிலிருந்து கிளட்ச், ஷாஃப்ட், வார்ப்பிரும்புப் பின்பகுதி என்று நேராகப் போகும். 1981-ல் அந்தப் பிரிவை விற்கும்வரை வந்த கியர் மாடல்களில் ஒன்றைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது: 102, 122, 124, 126, 128. அதே காலத்து 123, 125, 147 எல்லாம் ஹைட்ரோ. மாடல் நம்பரைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். வீல் ஹார்ஸும் நல்ல வண்டிதான், ஜான் டீர் 110-ம் நல்ல வண்டிதான். இரண்டிலும் பெல்ட் இருக்கிறது, அதோடு விடுகிறேன்.

இன்ஜினுக்கு வருகிறேன். அந்தக் கப் கேடட்களில் வந்த கோலர் கம்பெனியின் கே வரிசை, ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். கே301 என்றால் 12 எச்பி, 476 சிசி. கே341 என்றால் 16 எச்பி, 588 சிசி. தேய்ந்தால் சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு பிஸ்டன் போடலாம்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் இதையெல்லாம் எனக்குக் காட்டியவர். வாழ்நாள் முழுக்கச் சோளமும் சோயாவும் போட்டவர். ஒரு சாயங்காலம் கே301 ஒன்றைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே கைவிட்டு இரண்டு குட்டிக் கியர்களை வெளியே எடுத்தார். பேலன்ஸ் கியர். அதிர்வைக் குறைக்கப் போட்டது. கட்டைவிரலால் அசைத்துக் காட்டினார், ஒன்று லொடலொடவென்று ஆடியது. போட்டி வண்டியில் இது இருக்கவே கூடாது, உள்ளே கழன்றால் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும் என்றார். என் நிறத்தையோ உச்சரிப்பையோ அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கிரீஸ் படிந்த கையோடு ஸ்பானரை நீட்டி, "இந்தா, நீ கழற்று" என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது.

"பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்குமா?" கிடைக்கும். இந்தப் போட்டிக்காகவே கே வரிசைக்கு கனெக்டிங் ராடும் ஃப்ளைவீலும் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) கேம்ஷாஃப்ட்டும் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள்.

"24 எச்பி 16-ஐவிடப் பெரிசு இல்லையா?" பெரிசுதான். தாங்கும் பின்னச்சில் அந்த 24-ஐ வையுங்கள், நானே வந்து கைதட்டுகிறேன். 3600 ஆர்பிஎம்மில் 16 எச்பி என்றால் சுமார் 23 பவுண்ட்-அடி டார்க், அதாவது சுழற்று விசை. அதைக் கியர்தான் பெருக்கித் தருகிறது, டயர்தான் மண்ணில் பதிக்கிறது. முன்னெடை எங்கே, ஸ்லெட்டை மாட்டும் ஹிட்ச் எவ்வளவு உயரம், டயரில் எவ்வளவு காற்று, இதில் எதையாவது அந்தப் பையனுக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுத்தீர்களா?

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அவனுக்கு இப்போது வந்திருக்கும் யோசனையைப் பார்த்தேன்: "கவர்னரைக் கழட்டிட்டு ஏத்திவிடு, பறக்கும்." இன்ஜின் வேகம் எல்லை மீறாமல் பிடித்துவைப்பதே கவர்னர்தான். அதைக் கழற்றினால் பறக்கும், ஃப்ளைவீல்தான் பறக்கும். 3600-லிருந்து 5400-க்கு ஏற்றினால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் ஃப்ளைவீல் தாங்கவேண்டிய விசை இரண்டேகால் மடங்கு. கம்பெனியில் போட்டு வந்த வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை அந்த வேகத்தில் சுற்றினால் அது எந்த நேரமும் வெடிக்கலாம். அதற்கு இரண்டடி பின்னால் அந்தப் பையன் உட்கார்ந்திருப்பான். ஸ்டீல் ஃப்ளைவீல், தடிமனான பாதுகாப்புக் கவசம், ஒரே உலோகக் கட்டியில் கடைந்த பில்லெட் கனெக்டிங் ராட், வண்டி ஸ்லெட்டை விட்டுப் பிரிந்தால் தானாக இன்ஜினை அணைக்கிற கில் ஸ்விட்ச். இவை இல்லாமல் கவர்னரில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு இப்படி யோசனை சொல்லிவிட்டு ராத்திரி எப்படித் தூக்கம் வருகிறது?

"இது நம்மாளுங்க விளையாட்டா? ஏன் இவ்வளவு டென்ஷன்?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஒஹையோவின் பௌலிங் கிரீனில் 1967-லிருந்து இழுவைப் போட்டி நடக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பேரனையும் பேத்தியையும் குட்டி டிராக்டரில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நடந்து வந்து கற்றுக்கொடுக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பையன் கைக்காசைப் போட்டுக் களத்துக்கு வந்தான். வந்தவனைத் தப்பான வண்டியில் ஏற்றிவிட்டு, அது உடைந்ததும் வீடியோ எடுத்துப் போடுகிறோம். இதுதான் எனக்கு வலிக்கிறது. டிரான்ஸ்ஆக்சில் உடைந்ததற்காக நான் இவ்வளவு எழுதவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒன்று செய். அந்த 24 எச்பி வண்டியை விற்காதே. டிரான்ஸ்ஆக்சிலைச் சரிபண்ணிப் புல்வெட்ட வைத்துக்கொள். என் கேரேஜில் கப் கேடட் 122 ஒன்றின் ஃபிரேமும் பின்பகுதியும் சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ, காசு வேண்டாம். கிளட்ச் ஷாஃப்ட்டில் இருக்கும் ரோல் பின் என்ற சின்ன ஆணியை மட்டும் முதலில் மாற்றிவிடு, அது அறுந்துபோகும்.

கமெண்ட்டில் மறுபடியும் எச்பி கணக்கோடு வருகிறவர்கள், உங்கள் வண்டியின் பின்னச்சு எத்தனை அங்குலம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாத கமெண்ட்டுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.