மார்கழி ராத்திரியும் ஏர் ஹாரனும்

டொரண்டோவில் இருக்கிற சித்தி பையன் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ போட்டிருந்தான். நடு ராத்திரி, தெரு முழுக்க வெள்ளை, ஈ காக்கா இல்லை. "அண்ணா, என்னா அமைதி பாரு. நம்மூர்ல ஒரு நிமிஷம் கிடைக்குமா இது?" உடனே ஆளாளுக்கு "அங்கல்லாம் ஜனங்க ஒழுக்கம்பா" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒழுக்கமெல்லாம் அப்புறம். பாதி வேலையைப் பனியே பார்த்துக்கொள்கிறது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளுக்குள் புகுந்த சத்தம் அங்கேயே அடங்கிவிடும். மீதி வேலை, வண்டியை எடுக்க முடியாமல் எல்லாரும் வீட்டுக்குள் முடங்குவது. அதே பனி இறுகிப் பாளமாகிவிட்டால் சத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

வேலூருக்கு அந்தச் சலுகை கிடையாது. வெயிலூர் என்று கிண்டல் வாங்குகிற ஊர்தான், ஆனாலும் மார்கழியில் இங்கேயும் குல்லாய் தேடுவோம். இந்தக் குளிர் சத்தத்தை விழுங்காது, சுமந்துகொண்டு போகும். ராத்திரி தரை சீக்கிரம் ஆறிவிடுவதால் கீழே குளிர்ந்த காற்று, மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று. மேலே கிளம்பின சத்தம் வளைந்து மறுபடி தரைக்கே வரும். பகலில் காதில் விழாத காட்பாடி ரயில் ஊதல், ராத்திரியில் பாலாற்றைத் தாண்டி எங்கள் மொட்டை மாடி வரை வருவது அதனால்தான்.

அப்படியும் இந்த ஊரில் அமைதி உண்டு, நேரம்தான் குறைச்சல். போன மார்கழியில் அத்தையைக் காட்பாடியில் ரயிலேற்றிவிட்டு ஒன்றரை மணி வாக்கில் திரும்பினேன். பாலத்தில் ஒரு லாரி இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம், பகலில் தோள் இடிபடாமல் நடக்க முடியாத சந்து, பெங்காலி போர்டுகளெல்லாம் விளக்கணைந்து கிடந்தது. ஒரு லாட்ஜ் படிக்கட்டில் குரங்குக் குல்லாய் போட்ட ஒருத்தர், கையில் பிளாஸ்க். டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார். என் அரைகுறை இந்தியில் பேச்சு நீண்டது. டார்ஜிலிங் பக்கமாம். மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து ரூமுக்கு வந்திருக்கிறார்கள். "அவ தூங்குறதே இந்த ரெண்டு மூணு மணி நேரம்தான்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மெயின் ரோட்டில் ஒரு பஸ். காலி ரோடு, குறுக்கே நாய்கூட இல்லை. ஆனாலும் அந்த மெட்டுப் போடுகிற ஏர் ஹாரனை முனை வரைக்கும் அழுத்திக்கொண்டே போனார் டிரைவர். இவர் பேச்சை நிறுத்திவிட்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். விளக்கு போட்டாயிற்று. பிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு மேலே ஓடினார்.

யாரை நோவது? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாமல் அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன. அப்படி அறிவித்த இடத்தில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை வரம்பு 40 டெசிபல். மெட்டு மாறி மாறி அடிக்கிற ஹாரனுக்கு மோட்டார் வாகன விதியில் தடை. எல்லாம் தாளில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்ததைச் சொன்னால் சில பேர் சண்டைக்கு வருவீர்கள், வாங்க. நாலரைக்கே கத்த ஆரம்பிக்கிற கூம்பு ஸ்பீக்கர். மார்கழிப் பாசுரம் எனக்கும் பிடிக்கும், அம்மா சொல்லிச் சொல்லிப் பாதி மனப்பாடம். கோயிலுக்குள் கேட்டால் போதாதா? எந்தச் சாமிக்கு வைத்த ஸ்பீக்கராக இருந்தாலும் ஆறு மணிக்கு முன்னால் விதி ஒன்றுதான்.

லாட்ஜ், மெஸ், ஆட்டோ, மருந்துக் கடை என்று இந்த ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு நோயாளிகளை நம்பி எரிகிறது! காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்குத் தூக்கத்தையாவது கொடுக்க வேண்டாமா? போலீஸ்காரர்களே, பகலில் ஹெல்மெட்டுக்கு மடக்குகிற அதே இடத்தில் ராத்திரியும் ஒரு வாரம் நில்லுங்கள். ஏர் ஹாரனைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை விடுங்கள். லாட்ஜ்காரர்களே கூட வந்து நிற்பார்கள். நிற்கிறவர்களுக்கு டீ என் கணக்கு, அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.