சில்லறை மந்திரம்

(ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தைய இரவு சாப்பாட்டு மேசையில் நடந்த, பகடை உருட்டிக் கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பகடைகளும் தாள்களும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. ஆட்டத்தை நடத்தும் டி.எம். மருமகன். ஐந்தாம் லெவல் மந்திரவாதியாக ஆடுபவர், தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்ற மாமா.)

மருமகன்: மாமா, நான் மூன்று வாரம் கண்விழித்து வரைந்த கோட்டையை நேற்று நீங்கள் ஒரு துளி இரத்தம் சிந்தாமல் கடந்துவிட்டீர்கள். வாயிலில் நின்ற ஓகர் அரக்கனுக்காகவே சண்டை இசை ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தேன்.

மாமா: அடுத்த வாரம் போட்டுக்கொள், மாப்பிள்ளை. இசை என்ன ஊசிப்போகிற பண்டமா?

மருமகன்: ஐந்தாம் லெவலுக்கு வந்த மந்திரவாதி எவனாக இருந்தாலும் முதலில் ஃபயர்பால் என்னும் நெருப்புக்கோள மந்திரத்தை வீசத்தான் துடிப்பான். நீங்களும் அதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறீர்கள்; ஆனால் ஆட்டம் முழுவதும் கஞ்சிக்கு ருசி ஏற்றுவதும் உடைந்ததை ஒட்டுவதுமாக, கேன்ட்ரிப் என்னும் சில்லறை மந்திரங்களையே போட்டுக்கொண்டிருந்தால், உங்களை மந்திரவாதி என்பார்களா, தவசிப்பிள்ளை என்பார்களா?

மாமா: கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசு. ஃபயர்பாலுக்கு ஆறுமுகப் பகடை எட்டு; சராசரிச் சேதம் 28. அதை வீசுவதற்கு எனக்கு நாளொன்றுக்கு இருக்கும் மூன்றாம் லெவல் ஸ்லாட்டோ, அதாவது பெரிய மந்திரம் போடும் வாய்ப்போ, இரண்டு. இரண்டையும் அந்த ஓகர்மேல் செலவழித்து, அவனும் ஒருமுறைகூட ஒதுங்காமல் மரம்போல நின்றான் என்றே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 56 ஆகிறது. உன் புத்தகத்தில் ஓகருக்கு 59 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, போட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் மூன்றை வைத்துக்கொண்டு அவன் தடியைத் தூக்கும்போது, பெரிய கையிருப்பையெல்லாம் தீர்த்துவிட்டு நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? சில்லறை மந்திரத்தை விடிந்தது முதல் அடையும்வரை போட்டாலும் நீ ஒரு ஸ்லாட்டைக்கூடக் கழிக்க முடியாது.

மருமகன்: அந்தக் காலத்தில் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. 1974இல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அதைப் போட்டுவிட்டால், பிறகு கத்தியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதுதான். 1985இல் விதிநூலில் கேன்ட்ரிப்புகளைச் சேர்த்தபோதுகூட, ஒரு முதல் லெவல் மந்திரத்தை விட்டுக்கொடுத்தால்தான் அதற்குப் பதிலாக நான்கு கிடைத்தன.

மாமா: 1974இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன் நான், அதற்கு எத்தனையோ வருடம் கழித்துப் பிறந்த நீ எனக்கு ‘அந்தக் காலத்தில்’ என்று பாடம் எடுக்கிறாய். நாம் ஆடுவது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் செலவில்லை என்று அச்சிட்டவர்களே சொல்லும்போது, நான் எதற்கு நோட்டை மாற்ற வேண்டும்?

மருமகன்: விதி என்று வந்துவிட்டதால் நானும் கேட்கிறேன். கஞ்சிக்கு ருசி ஏற்றிய அந்தப் பிரெஸ்டிடிஜிடேஷனை…

மாமா: அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிடுகிறது.

மருமகன்: அதை வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும், பத்து அடிக்குள் நின்றால்தான் பலிக்கும். அவ்வளவு பக்கத்தில் நின்று நீங்கள் முணுமுணுத்தது அந்த ஓகரின் காதில் விழாதா?

மாமா: நன்றாக விழுந்தது. சாப்பாட்டுக்கு முன் சொல்லும் பிரார்த்தனை என்று சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டான். ஒரு கன அடி வரைக்கும் ருசி ஏற்றலாம் என்பது விதி. லிட்டரில் பார்த்தால் ஏறத்தாழ 28, அதாவது அவனுடைய அண்டா முழுவதும். வறுத்த ஆட்டுக்கறியின் ருசி ஒரு மணி நேரம் நிற்கும் என்றால், அந்த ஒரு மணி நேரமும் அவன் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை.

மருமகன்: பிறகு மேஜ் ஹேண்ட் என்னும் மாயக் கையை அனுப்பி ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தீர்களே, அதற்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே?

மாமா: அது பிரார்த்தனையின் இரண்டாம் பாகம்.

மருமகன்: (தலையில் கைவைத்து) அதற்கும் முன்னால், உள்ளேயிருந்து தலைவன் ‘கஞ்சிக்காரனை விடு’ என்று கத்துவதுபோல ஒரு குரலை எழுப்பினீர்கள்.

மாமா: மைனர் இல்யூஷனுக்கு வாயே திறக்க வேண்டாம், கையசைவும் கொஞ்சம் ஆட்டு ரோமமும் போதும். ஆகவே நீ ஆட்சேபிக்க இடமில்லை. சந்தேகப்பட்டு அவன் பகடை உருட்டியபோது இருபதில் பதினேழு விழுந்ததையும், நீ நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டியதையும் நான் மறக்கவில்லை. அறிவு ஐந்தே உள்ளவனுக்கு விதிப்படி மூன்றைக் கழித்தால் பதினான்கு. என் மந்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது பதினைந்து. பிறகு நீ உட்கார்ந்துவிட்டாய்.

மருமகன்: அந்தப் பதினான்கை நினைத்துத்தான் இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போகட்டும், தலைவனுடைய இரகசியக் கடிதத்தின் அரக்கு முத்திரையை உடைத்துப் படித்துவிட்டு, மெண்டிங் போட்டுப் பழையபடி ஒட்டி வைத்தீர்களே, அது எந்த ஊர் நியாயம்?

மாமா: ஓர் அடிக்கு மேற்படாத ஒற்றை உடைப்பு எதுவானாலும் ஒரு நிமிடத்தில் ஒட்டும். முறிந்த சாவி, கிழிந்த மேலங்கி, ஒழுகும் மதுப்பை என்று புத்தகமே வரிசையாகச் சொல்கிறது. அரக்கு மட்டும் என்ன பாவம் செய்தது? கடிதம் பிரிக்கப்பட்டது தெரியாததால்தான் தலைவன் நாளைக்கும் அதே வழியில் படையை அனுப்பப் போகிறான். நீ சொன்ன ஃபயர்பாலை அந்த அறையில் வீசியிருந்தால், மேசைமேல் கிடந்த கடிதம்தான் முதலில் எரிந்திருக்கும்.

மருமகன்: (பென்சிலை எடுத்துக் குறிப்பேட்டில் அழுத்தி எழுதுகிறான்.) மேஜ் ஹேண்ட் பத்து பவுண்டுக்கு மேல் தூக்காது அல்லவா? அடுத்த கோட்டையின் சாவி பதினொரு பவுண்டு. முடிந்தது கதை.

மாமா: ஏறக்குறைய ஐந்து கிலோ. நல்ல கனமான சாவிதான். அது நுழைகிற சாவித்துளை எவ்வளவு அகலமாக இருக்கும்?

மருமகன்: ஏன் கேட்கிறீர்கள்?

மாமா: நம் குழுவில் இருக்கும் ஹாஃப்லிங் என்னும் குள்ள இனத் திருடனின் உயரமே மூன்று அடி. அந்தத் துளை வழியாக அவனை உள்ளே அனுப்பித் தாழ்ப்பாளை நீக்கச் சொல்லலாமே என்று பார்த்தேன்.

(மருமகன் எழுதியதை ரப்பரால் அழிக்கத் தொடங்குகிறான்.)