எரர் கோடு இல்லை என்றால் வண்டியில் கோளாறு இல்லையா?

"ஸ்கேனரில் கோடு வரவில்லை என்றால் சென்சார் எல்லாம் சரி" என்று வண்டிக் கோளாறு பற்றிய கட்டுரை ஒன்றில் இருப்பதை ஏற்க முடியவில்லை. (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு எண்தான் கோடு; அதைப் படிக்கும் கருவி ஸ்கேனர்.) பெரும்பாலும் சென்சார் காட்டும் அளவு வரம்பைத் தாண்டினால்தான் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கோடு போடும். வரம்புக்குள்ளேயே பொய் சொல்லும் சென்சாரை அது அப்படியே நம்பிவிடும்.

என் டீசல் வண்டி மேட்டில் இழுக்காமல் திணறியது, ஒரு கோடும் இல்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, அவசரப்படவில்லை. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (இன்ஜின் ஓடும்போதே தெரியும் அளவுகள்) இசியூ கேட்கும் ரெயில் பிரஷரையும் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்) உண்மையில் கிடைப்பதையும் சேர்த்துப் பார்த்தோம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் கிடைக்கும் பிரஷர் பின்தங்கியது. பம்புக்கு முன்னால் கொஞ்ச நீளத்துக்கு உள்ளே தெரிகிற ஹோஸை மாட்டினால், குமிழி குமிழியாகக் காற்று! ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) விரிசல் விட்டிருந்தது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை.

இந்தச் சோதனை லோ பிரஷர் பக்கம் மட்டும்தான். ஓடும் இன்ஜினில் ஹை பிரஷர் பைப்பைத் தொடவே வேண்டாம். அதில் அழுத்தம் 1,000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு) மேல் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

கரும்புகையும் சேர்ந்து வந்தால் முதலில் டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸின் கிளாம்பைப் பாருங்கள், இன்ஜெக்டர் பிறகு.