இன்சுலினை நிறுத்தச் சொன்ன அந்த வீடியோ பற்றித் திரும்பவும்

ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல், ஏற்றிக்கொண்டால் சர்க்கரை நோய் தீரும், இன்சுலினை நிறுத்திவிடலாம் என்கிறது அந்த வீடியோ. அதைப் பற்றி நேற்று எழுதிய பதிவுக்கு வந்த கமெண்டுகளை எல்லாம் படித்தேன். "நல்லது நடந்தால் உனக்குப் பொறுக்காதா", "மருந்துக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய்" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, திரும்பவும் சொல்கிறேன். ஸ்டெம் செல்லால் சர்க்கரை நோய் ஒருநாள் தீரும் என்று நம்புகிறவன் நான். இன்றைக்கே காசு வாங்கிக்கொண்டு தீர்த்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள் என்றுதான் எழுதினேன்.

வீடியோவில் வரும் சீனப் பெண்ணின் கதை உண்மை. 2023இல் தியான்ஜினில், அவருடைய செல்களையே எடுத்து, இன்சுலின் சுரக்கும் திட்டுகளாக வளர்த்து, வயிற்றுத் தசையில் வைத்தார்கள். 75 நாளில் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று செய்துகொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தவர். அதை ஏன் வீடியோவில் சொல்லவில்லை? டைப் 1 சர்க்கரை நோயில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. அந்த மருந்து இல்லாமல் புதிதாகக் கொண்டுபோய் வைத்தால் அதை மட்டும் விட்டுவிடுமா?

2025இல் வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியின் ஸ்டெம் செல் ஆய்வு வந்தது. முழு அளவு செல் ஏற்றிக்கொண்ட 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். படித்துவிட்டு அழுதேன். ஆனால் அவர்களுக்கும் அதே அடக்கும் மருந்து உண்டு. அந்த ஆய்வில் இருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள், அதில் ஒருவருக்கு மூளையுறையில் பூஞ்சைத் தொற்று. இதையும் சேர்த்துத்தான் அவர்கள் எழுதினார்கள். ஆராய்ச்சி என்றால் அது. சில கிளினிக்குகள் செய்வதுபோல் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, மெஷினில் சுழற்றி, கையில் டிரிப்ஸாக ஏற்றி, பில் போடுவது ஆராய்ச்சியும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

"பணம் இருக்கிறவன் போட்டுப் பார்க்கட்டுமே" என்கிறார் ஒரு நண்பர். நானும் போட்டுப் பார்த்தவன்தான். இதுவரை இங்கே எழுதியதில்லை. என் மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 என்றார்கள். ஒருநாள் ராத்திரி இரண்டே முக்காலுக்குத் தலையணை நனைகிற அளவுக்கு வியர்த்துக் கிடந்தாள், மீட்டரில் சர்க்கரை 46, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் டப்பாவின் மூடியைத் திறக்க என் கை ஒத்துழைக்கவில்லை. அந்த வாரமே மனைவியின் செயினை அடகு வைத்து ஒரு கிளினிக்குக்குப் பணம் கட்டினோம். மூன்று தடவை ஏற்றினார்கள், இன்சுலினைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். நாலாம் நாள் வாந்தி, மூச்சில் அழுகிய பழ வாசனை, அப்புறம் ஐசியூ. குறைத்து ஊசி போட்டது என் கைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: ரத்த நோய் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் வேலை எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். ஆய்வுக்கு எதற்கு அட்வான்ஸ்? டைப் 2க்குப் பலிக்கும் என்கிறவர்களுக்கும் இதே கேள்விதான்.

"நம்பிக்கையையாவது விட்டுவையுங்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, எங்கள் வீட்டில் நம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. புது ஆய்வு எது வந்தாலும் எனக்கு முதலில் அனுப்புகிறவள் என் மகள்தான். "உன் பிள்ளை குணமாவதில் உனக்கே விருப்பமில்லையா" என்று ஒருவர் கேட்டிருந்தாரே, அதையும் அவள் படித்துவிட்டாள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன், இன்னும் வரவில்லை.

இந்த மாதிரி கிளினிக்கில் யாராவது பணம் கட்டியிருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், எந்த நேரமானாலும் பேசுகிறேன். இன்றைக்குப் போட வேண்டிய ஊசியை மட்டும் போட்டுவிட்டு வாருங்கள்.