எம்.எல்.ஏ.விடம் மனுவாகக் கொடுக்காதீர்கள், கேள்வியாக எழுதிக் கொடுங்கள்

"நம்ம ஏரியா பிரச்சினையை எம்.எல்.ஏ. சட்டமன்றத்துல பேசிட்டார்" என்று இரண்டு நிமிட வீடியோ ஒன்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் வரும். எல்லோரும் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். பேசினது நல்ல விஷயம்தான். ஆனால் அவர் எந்த வழியில் பேசினார், அமைச்சர் எந்த வார்த்தையில் பதில் சொன்னார் என்பதை யாரும் கேட்பதில்லை. வேலை நடக்குமா நடக்காதா என்பது அந்த இரண்டில்தான் இருக்கிறது.

வினா நேரம் முடிந்ததும் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரத்தில் பேசினால் பேச்சு அவைக்குறிப்பில் ஏறும், ஆனால் அமைச்சர் அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நட்சத்திரக் குறியிட்ட வினா அப்படியல்ல. அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். அவசரப் பிரச்சினை ஒன்றின் பக்கம் அமைச்சரின் கவனத்தை இழுக்கும் கவன ஈர்ப்புத் தீர்மானத்துக்கும் அவர் பதில் தந்தாக வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கக் கேட்டு அவையில் விவாதிக்கும் மானியக் கோரிக்கை நாளில் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அடையாளமாக நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி, அதைக் காரணமாக வைத்து அந்தத் துறையின் ஒரு குறையைப் பேசும் வழி அது. சட்டமன்ற விதி 110-இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிவிப்பு வெளியிட்டால் அப்போது அதன்மேல் விவாதம் கிடையாது. அறிவித்தது என்ன ஆயிற்று என்று கேட்க அடுத்த மானியக் கோரிக்கைதான் நல்ல சந்தர்ப்பம்.

ஒரு நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பில் குடிசை மாற்று வாரியம் கட்டிய கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே சுவர்ப்பூச்சு மணலாக உதிர்ந்தது. எழும்பூர் தொகுதி உறுப்பினர் இ. பரந்தாமன் அதைக் கவன ஈர்ப்பாகக் கொண்டுவந்தார். அவர் அப்போதைய ஆளுங்கட்சி உறுப்பினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐ.ஐ.டி. வல்லுநர்கள் கட்டடத்தைச் சோதித்தார்கள், பூச்சு வேலை தரமில்லை என்று அறிக்கை வந்தது. இது ஏன் எடுபட்டது? ஒரே இடம், ஒரே வாரியம், கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று. "ஏழை மக்கள் வஞ்சிக்கப்படுகிறார்கள்" என்று பொதுவாகப் பேசியிருந்தால் "அரசு கவனித்து வருகிறது" என்ற பதிலோடு முடிந்திருக்கும்.

அந்த வாரியத்தின் பொறுப்பு அப்போது யாரிடம் இருந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. வீட்டுவசதித் துறை அமைச்சரிடம் இல்லை, ஊரகத் தொழில்துறை அமைச்சர் தா.மோ. அன்பரசனிடம் இருந்தது. துறை தவறிப் போவதுதான் கேள்விகள் வீணாகப் போக முதல் காரணம். முதியோர் உதவித்தொகை சமூக நலத்துறையுடையது என்றே பலர் நினைக்கிறார்கள். அதைக் கையாள்வது வருவாய்த்துறை, தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மாற்றுத்திறனாளிகளுக்கோ ஒரு உதவித்தொகை வருவாய்த்துறையிலும் இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலும் இருக்கிறது. துறை மாறிப் போன கேள்வி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிடும்.

சென்னையின் தெற்கு விளிம்பில் அதே வாரியம் கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கூவம் கரையிலிருந்தும் நகரத்துக்குள்ளிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த மக்கள். தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி. லிஃப்ட் நின்றுவிட்டால் ஏழாவது மாடியில் இருக்கும் டயாலிசிஸ் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்க வேண்டும். இதை எம்.எல்.ஏ.விடம் எப்படி எழுதிக் கொடுப்பது? வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: "லிஃப்ட் பழுதால் மக்கள் பெரும் அவதிப்படுவதை அரசு அறியுமா?" அதற்கு "அறியும், பழுதுகள் அவ்வப்போது சரிசெய்யப்படுகின்றன" என்று ஒரு வரியில் பதில் வரும், கேள்வி செத்துப்போகும்.

இப்படி எழுதுங்கள்: "(அ) பெரும்பாக்கம் திட்டப்பகுதியில் உள்ள லிஃப்ட்கள் எத்தனை, இன்றைய தேதியில் இயங்காதவை எத்தனை, (ஆ) பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதி வரை உள்ளது, பழுதை எத்தனை மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று அதில் உள்ளது, (இ) அந்தக் கெடுவை மீறியதற்காகக் கடந்த ஓராண்டில் விதித்த அபராதம் எவ்வளவு?" இதில் எந்தப் பிரிவுக்கும் "ஆவன செய்யப்படும்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "அபராதம் ஏதும் இல்லை" என்று பதில் வந்தால் துணைக் கேள்வி தானாகவே பிறந்துவிடும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாக்கம் வருவது செங்கல்பட்டு மாவட்டத்தில், சோழிங்கநல்லூர் தொகுதியில். 2021 தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி அது. எழும்பூரிலோ சேப்பாக்கத்திலோ இருந்து பெயர்க்கப்பட்டவரின் ரேஷன் அட்டையும் உதவித்தொகைக் கோப்பும் மாவட்டம் தாண்டி மாற வேண்டும். பழைய தாலுகாவில் "இங்கே குடியிருக்கவில்லை" என்று நிறுத்தி, புதிய தாலுகாவில் சேர்க்காமல் விட்டால், நடுவில் போகிற மாதங்களின் பணத்துக்கு யாருமே பொறுப்பில்லை. பழைய தொகுதி எம்.எல்.ஏ., புதிய தொகுதி எம்.எல்.ஏ. இருவரும் சேர்ந்து எழுப்ப வேண்டிய பிரச்சினை இது.

பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு வருவோம். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உயிரிழப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாகவும், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சமாகவும் உயர்த்தியது. அப்படியும் குடும்பம் அலைவது எங்கே? முதல் தகவல் அறிக்கையில். கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் பதிவு செய்து, 2013 சட்டத்தின் பிரிவுகளைச் சேர்க்காமல் விட்டால், இழப்பீட்டுக் கோப்பு அங்கேயே நொண்ட ஆரம்பித்துவிடும். அதனால் எம்.எல்.ஏ. கேட்க வேண்டியது "இழப்பீடு வழங்கப்படுமா" என்பதல்ல. எத்தனை மரணங்கள், அவற்றில் எத்தனை வழக்குகளில் 2013 சட்டம் சேர்க்கப்பட்டது, 30 லட்சம் முழுதாகப் போனது எத்தனை குடும்பங்களுக்கு, இறந்த நாளிலிருந்து எத்தனை நாளில். இந்த நாலும் ஒரே கேள்வியில் வர வேண்டும். குறிப்பிட்ட ஒரு வழக்கின் விவரத்தை மட்டும் நுழைக்காதீர்கள். நீதிமன்றத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கேள்வியையே தள்ளிவிடுவார்கள்.

பல எம்.எல்.ஏ.க்கள் பயன்படுத்தாமலே விடும் நாற்காலி ஒன்றும் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 17-ஆம் விதிப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் எம்.எல்.ஏ. உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை போனதா, நிவாரணத் தொகை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அங்கே நேருக்கு நேர் கேட்கலாம். உங்கள் எம்.எல்.ஏ. அந்தக் கூட்டங்களுக்குப் போகிறாரா? ஆட்சியர் அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போட்டு, கூட்டம் நடந்த தேதிகளையும் நடவடிக்கைக் குறிப்பையும் வருகைப் பதிவையும் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.

சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் நேரடியாக எழுதலாம். ஐந்து நகல், தமிழில், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. முதியோர் ஓய்வூதியம், பட்டா, வேலைவாய்ப்பு, வங்கிக்கடன், தனிநபர் குறை, வழக்கில் உள்ள பொருள் இவையெல்லாம் அங்கே எடுபடாது. இது தெரியாமல் "எனக்குப் பென்ஷன் வரவில்லை" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் பாவம். அதற்கான இடம் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம், சென்னையில் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. ஒரே வார்டில் இருபது பேருக்கு நின்றிருந்தால் அது பொதுப் பிரச்சினை. பெயர், விண்ணப்ப எண், நின்ற மாதம், சொன்ன காரணம் என்று நாலு கட்டம் வைத்துப் பட்டியல் போட்டு எம்.எல்.ஏ. கையில் கொடுங்கள். பட்டியல் இருந்தால் அவருடைய உதவியாளரே கேள்வியாக்கிவிடுவார்.

முதியோர் உதவித்தொகையின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் மாநிலம் அதை 1,000-லிருந்து 1,200 ரூபாயாக்கியது. முதியோர் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு இன்றும் 200 ரூபாய்தான். இதைப் பேச வேண்டிய இடம் நாடாளுமன்றம். எம்.எல்.ஏ.விடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாமல் எம்.பி.யிடம் போங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நிழற்குடைக்கும் வகுப்பறைக்கும் ஆகும், மேலே சொன்ன எதற்கும் ஆகாது.

கடைசியாக, பதில் வந்த பிறகு செய்ய வேண்டியது. அமைச்சர் "இந்த நிதியாண்டுக்குள் முடிக்கப்படும்" என்று அவையில் சொன்னால் அது உறுதிமொழி. அதைத் தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மாவட்டங்களுக்கும் ஆய்வுக்கு வரும். அந்தத் தேதியின் அவைக்குறிப்பு, அமைச்சர் சொன்ன வாக்கியம், இன்றைய நிலையைக் காட்டும் படம் மூன்றையும் ஒரு பக்கத்தில் சேர்த்துக் குழுத் தலைவருக்கு அனுப்புங்கள், ஒரு நகலை எம்.எல்.ஏ.வுக்கும் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தில் தேதியையும் படத்தையும் மட்டும் மாற்றி மறுபடி அனுப்புங்கள்.