எதிர்வீட்டு வாசலில் காய் வைத்துவிட்டு ஓடும் நாள்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் தினமும் ஏதோ ஒரு 'தினம்'. சாக்லேட் தினம், எமோஜி தினம், அணைப்பு தினம். ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். இதையெல்லாம் கிண்டல் செய்பவர்கள் நிறைய உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அரசு லீவு விடாத, யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்துக் கிளப்பிவிட்ட கிறுக்கு நாட்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு கண்டிஷன்தான். அன்றைக்குக் கொஞ்சம் வெட்கத்தை விட்டுச் செய்வதற்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். காரியம் இல்லாத தினம் வெறும் போஸ்டர்.

ஆகஸ்ட் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆகஸ்ட் வந்தால் சுக்கினி தொல்லை. பார்க்க வெள்ளரி மாதிரி இருந்தாலும் பூசணி இனம். இரண்டு மூன்று செடி இருந்தாலே காய்த்துத் தள்ளிவிடும், சமைத்து மாளாது. பென்சில்வேனியாவில் லெபனான் என்ற ஊரில் வசித்த தாமஸ் ராய், ரூத் ராய் தம்பதி இதற்கென்றே ஒரு நாளைக் கண்டுபிடித்தார்கள். இருட்டியதும், மிஞ்சிய சுக்கினியைப் பக்கத்து வீட்டு வாசலில் சத்தம் காட்டாமல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். முடிந்தது கொண்டாட்டம். செலவு இல்லை, காய் வீணாகவில்லை, மறுநாள் காலை தெரு முழுக்க "இது யார் வேலை?" என்று பேச்சு. முருங்கை மரம் வைத்திருக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காய்ப்பு நேரத்தில் தெருவில் பாதிப் பேர் மீதிப் பேருக்குக் கொடுத்துத் தீர்க்கத்தானே பார்க்கிறோம்?

இந்தத் தம்பதி இப்படி எண்பதுக்கும் மேற்பட்ட நாட்களை உருவாக்கியிருக்கிறார்கள். பிப்ரவரி 20 நண்பகல் 12 மணிக்கு வெளியே வந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, "ஹூடி ஹூ!" என்று கத்திக் குளிர்காலத்தை விரட்டுவதும் அவர்கள் யோசனைதான். வட அரைக்கோளம் முழுவதற்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். சென்னையில் பிப்ரவரியில் விரட்டக் குளிர் ஏது? வெயிலை விரட்ட மே மாதத்தில் கத்தினால்தான் உண்டு.

இந்த மாதிரி நாட்கள் ஊர் தாண்டிப் பரவுவதற்கு ஒரு வழி இருந்தது. மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரத்தில் சேஸ் என்ற குடும்பம் 1957-இல் தொடங்கிய தொகுப்பு அது. எந்த நாளுக்கு என்ன விசேஷம் என்று ஆண்டுதோறும் தடிமனாக வரும். அதில் இடம் பிடித்துவிட்டால் போதும், வானொலிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் எடுத்துப் பேசிவிடுவார்கள்.

என் பட்டியலில் முதலிடம் செப்டம்பர் 19-க்கு. கடற்கொள்ளையர் மாதிரிப் பேசும் நாள். 1995-இல் ஆரிகன் மாநிலத்தில் ஜான் பார், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் ராக்கெட்பால் விளையாடும்போது விளையாட்டாகக் கொள்ளையர் பாஷையில் கத்த ஆரம்பித்தார்கள். இதற்கு ஒரு நாள் வைத்தால் என்ன என்று தோன்றியது. அவர்கள் விளையாடியது ஜூன் 6. அது இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் படைகள் இறங்கிய தேதி, அதில் விளையாடக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். பிறகு எந்தத் தேதி? சம்மர்ஸ் தன் முன்னாள் மனைவியின் பிறந்தநாளைச் சொன்னார், அதுதான் மறக்காதாம்! ஏழு வருடம் நண்பர்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. 2002-இல் நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் டேவ் பாரிக்கு எழுதிப்போட்டார்கள், அவர் தன் பத்தியில் எழுதினார், உலகம் பூராவும் பரவிவிட்டது. அலுவலக மீட்டிங்கில் மேனேஜரைப் பார்த்து "அர்ர்ர், கேப்டன்!" என்று சொல்ல வருடத்தில் ஒரு நாளாவது வேண்டாமா?

பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. ஜூலை 27 அங்கே தூங்குமூஞ்சி நாள். வீட்டில் கடைசியாக எழுகிறவர் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள், அல்லது தூக்கி ஏரியில் போடுவார்கள். நான்தாலி என்ற கடலோர ஊரில் வருடா வருடம் ஒரு பிரபலத்தை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து, காலை ஏழு மணிக்கு அலாக்காகத் தூக்கிக் கடலில் வீசுகிறார்கள். மேயர்களும் நனைந்திருக்கிறார்கள். நம் ஊருக்கு இது வந்தால் முதலில் யாரைத் தூக்குவது என்பதற்கே ஒரு தேர்தல் வைக்க வேண்டியிருக்கும்.

எரிச்சல் வருவது நவம்பர் 11-ஐப் பார்த்துத்தான். நான்கு ஒன்றுகள் தனித்தனியாக நிற்கும் தேதி என்பதால், சீனாவில் கல்லூரி மாணவர்கள் 1990-களில் ஜோடி இல்லாதவர்களின் நாளாக அதைக் கொண்டாடத் தொடங்கினார்கள். 2009-இல் அலிபாபா என்ற ஆன்லைன் விற்பனை நிறுவனம் அன்றைக்குத் தள்ளுபடி விற்பனை ஆரம்பித்தது. இப்போது அது உலகின் மிகப் பெரிய ஆன்லைன் விற்பனைத் திருவிழாக்களில் ஒன்று. தனியாக இருப்பதைக் கேலியும் கும்மாளமுமாகக் கொண்டாடியவர்கள் கையில் இப்போது ஷாப்பிங் கூடை இருக்கிறது. தென்கொரியாவின் ஏப்ரல் 14 இவ்வளவு மோசமில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் காதலர் பரிசு கிடைக்காதவர்கள் கூடி உட்கார்ந்து கறுப்பு சாஸ் ஊற்றிய ஜாஜங்மியான் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். நூடுல்ஸ் கடைக்காரருக்கு லாபம்தான், ஆனால் சாப்பிடுகிறவர்களுக்கும் பக்கத்தில் ஒரு துணை கிடைக்கிறது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒருவர் 1972-இலேயே சொல்லிவிட்டார். ஹரால்ட் புல்மன் காஃபின் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர், எதையும் கொண்டாடாமல், யாரையும் நினைவுகூராமல் சும்மா உட்கார ஒரு நாள் வேண்டும் என்றார். ஜனவரி 16. மனிதருக்கு நம் காலண்டர் தெரிந்திருக்காது. நமக்கு அது மாட்டுப் பொங்கலாகவோ காணும் பொங்கலாகவோ வந்து நிற்கும்.

நம் பக்கமும் இரண்டு நாட்கள் உண்டு. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த தேதியை வைத்து, 2004-இல் சில ஆர்வலர்கள் தொடங்கியது. கூட்டமாகத் தெருத்தெருவாக நடந்து பழைய கட்டடங்களைப் பார்க்கிறார்கள், கதை கேட்கிறார்கள். என் கண்டிஷனில் முழு மார்க்.

இன்னொன்று மார்ச் 30, உலக இட்லி தினம். சென்னையில் இட்லிக் கடை நடத்திய இனியவன் 2015-இல் ஆரம்பித்தது. இதில்தான் எனக்குக் குறை. இட்லி தின்பது நமக்கு ஒரு காரியமா? அதனால் நானே ஒரு விதி சேர்த்திருக்கிறேன். வருடம் முழுக்க இட்லி ஊற்றுகிறவர் அன்றைக்கு அடுப்படிப் பக்கமே வரக் கூடாது, மற்றவர்கள்தான் ஊற்றிப் பரிமாற வேண்டும். கடை மாவு செல்லாது. 30-ஆம் தேதி காலையில் தட்டில் இட்லி இருக்க வேண்டுமென்றால் 29 மதியமே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும், எந்த டப்பாவில் உளுந்து இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்கவும் கூடாது.